சுவரைக் கேட்டால் செடியைச் சொன்னார்கள்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தார். "தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்துனா அப்புறம் என்னா ஆவும்?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு அது. சுவர் வாதி, செடி பிரதிவாதி. தீர்ப்பை மட்டும் விசாரணைக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.

விருத்தாசலத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டாயிரம் பிறந்து, செல்போன் வைத்திருப்பவரைத் தெருவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ரயில்வே ஜங்ஷனைத் தாண்டி, பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் புதிதாகப் பிரித்து விற்ற மனைகளில் ஒன்று எங்களுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு நீளத் தோட்டம். வீட்டைக் கட்டியது அவர். ஒவ்வொரு செங்கல்லும் எங்கே வாங்கினார், எப்படிப் பேரம் பேசினார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தோட்டத்தைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார், ஏனென்றால் அதில் அவர் கை படவே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். குழம்பு போலக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, அது பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் பொம்மையைப் பிரித்தெடுக்கிற வேலை. கிளி, வாத்து, யானை என்று நாளெல்லாம் பிரித்தெடுப்போம். கல்யாணமான பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்றார்கள். அவர் இன்னொரு கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்த்தார். சம்பாதிக்கிற கை சும்மா இருந்தால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தோட்டம்தான். சமையலறைச் சுவரோரம் ஒரு கறிவேப்பிலை, அதற்குப் பக்கத்தில் முல்லைக் கொடி, மூலையில் ஒரு வாழை, எதிர்ப்பக்கம் வேலியோரமாக எலுமிச்சையும் கொய்யாவும். தெருவில் யார் வீட்டில் ரசம் வைத்தாலும் கறிவேப்பிலை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அதுதான். கண்டிப்பாகச் சொல்கிறேன், வேறு எதுவும் இல்லை.

ஓதம் முதலில் தரையோரமாக ஒரு விரல் அகலத்துக்கு வந்தது. பிறகு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்தது. விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினால் மறுவாரம் மறுபடி பூத்திருக்கும். சுவரலமாரியில் வைத்திருந்த என் பட்டுப் புடவையில் பூசணம் பிடித்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்தப் புடவை அவர் எடுத்துக் கொடுத்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டார். வீடு கட்டும்போது கொத்து வேலை பார்த்த அதே மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், வெளியே வந்து தோட்டத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"சுவத்துல ஒண்ணும் கொற இல்லீங்க. மரத்து வேரு அஸ்திவாரத்துல பூந்துருக்குது. அம்மா வேற தெனமும் தண்ணி வுடுறாங்க. பின்பக்கம் பூரா சிமெண்டு தளம் போட்டுடுங்க. அப்புறம் ஒரு சொட்டு தண்ணி எறங்காது."

"செடிங்கள?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு தொட்டி வாங்கி வச்சுக்குங்கம்மா, அழகா இருக்கும்."

வீட்டுக்காரர் தலையாட்டினார். வருகிற பொங்கல் முடிந்ததும் தளம் போட்டுவிடுவது என்று இருவரும் அங்கேயே நின்று முடிவு செய்தார்கள். செடி வளர்த்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது சித்திரை. பொங்கலுக்கு இன்னும் காலம் இருந்தது. அதற்குள் சுவரைக் காய வைத்துக் காட்டினால் தளம் வேண்டாம் என்று நான் சொன்னேன். "காய வச்சுக் காட்டு, பாப்பம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அதைச் செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சுவரோரச் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். கத்திரி வெயிலில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கறிவேப்பிலையைப் பார்க்கவே பயமாக இருந்தது. காய்ந்து போனால் போகட்டும், உண்மை தெரிய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நடந்தது தலைகீழ். தண்ணீர் ஊற்றாத கறிவேப்பிலை கரும்பச்சையாகத் தழைத்தது. குடம் குடமாக ஊற்றிய வேலியோரத்து எலுமிச்சை மஞ்சளித்து இலையை உதிர்த்தது. சுவரோ, தண்ணீர் விட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே நசநசவென்று இருந்தது.

இப்போது எனக்குக் கேள்வி ஒன்றல்ல, மூன்று. ஊற்றாத மரம் ஏன் செழிக்கிறது? ஊற்றிய மரம் ஏன் வாடுகிறது? யாருமே தண்ணீர் விடாத சுவர் ஏன் நனைகிறது? இந்த மூன்றையும் சுமந்துகொண்டு ஊரெல்லாம் அலைந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த உரக்கடைக்காரர் என் கேள்வி முடிவதற்குள் பதிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். "வேலிப் பக்கம் மண்ணு இறுகிப்போயிருக்கும். ஜிப்சம் போடுங்க. கள்ளக்காட்டுக்கு எல்லாரும் அதானே போடுறாங்க." எங்கள் பக்கத்தில் கள்ளக்காய் என்கிற நிலக்கடலை போடாத குடியானவர் இல்லை. அதனால் எந்தப் பயிருக்கு எந்த நோய் வந்தாலும் கடலைக்கு என்ன வைத்தியமோ அதுதான் வைத்தியம். வாங்கி வந்து தூவினேன். எலுமிச்சை அசரவில்லை.

பெயிண்ட் கடைக்காரருக்குச் செடியைப் பற்றிக் கவலை இல்லை. "அதெல்லாம் வுடுங்க. சுரண்டிட்டு இந்த பிரைமர ரெண்டு கோட்டு அடிங்க. ஓதத்துக்கு அப்பன் வந்தாலும் உள்ள வராது" என்றார். நானே உப்புத்தாளால் தேய்த்து, நானே அடித்தேன். ஆடி மாதம் வரை சுவர் மணப்பெண் மாதிரி இருந்தது. ஆவணியில் ஓதம் அந்த பிரைமரையும் தோலாக உரித்துப்போட்டுவிட்டு, முன்பைவிட ஒரு சாண் உயரத்தில் ஏறி நின்றது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "கீழ அடைச்சாக்கா மேல ஏறத்தான் செய்யும்" என்று எனக்கே பாடம் சொன்னார். இதை விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

எதிர்வீட்டு அக்காவுக்கு வாஸ்து தெரியும். மூலையில் வாழை இருக்கக் கூடாது என்றார். வாழையை எடுத்த மறுவாரம், அந்த மூலையில் வாழைதான் இருக்க வேண்டும் என்று அவர் கொழுந்தனார் சொன்னார். ரேடியோவில் விவசாயக் கேள்வி பதில் வரும். அதற்குக் கார்டு போட்டேன். பல வாரம் கழித்து, "விருத்தாசலத்திலிருந்து ஒரு நேயர்" என்று ஆரம்பித்ததும் ஓடிவந்து உட்கார்ந்தேன். கறிவேப்பிலை தழைக்கப் புளித்த மோர் ஊற்றச் சொன்னார்கள். அது தழைப்பதுதானய்யா என் கஷ்டமே! வீட்டுக்காரர் சிரித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சோறு புரையேறிவிட்டது.

இதெல்லாம் நடக்கும்போது ஒன்று கவனித்தேன். சுவரைப் பற்றிக் கேட்கப் போனால் செடியைக் குற்றம் சொல்கிறார்கள். செடியைப் பற்றிக் கேட்கப் போனால் மண்ணைக் குற்றம் சொல்கிறார்கள். மண்ணைப் பற்றிக் கேட்டால் திசையைக் குற்றம் சொல்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் வந்து குனிந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மேஸ்திரிகூட நின்றபடியேதான் பார்த்தார்.

மங்கலம்பேட்டையில் எனக்கு ஒரு அக்கா இருந்தார். பொம்மைக் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர். இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக என் மூன்று கேள்வியையும் கொட்டினேன். போன் அடித்தது. அக்கா குசலம் விசாரித்துவிட்டு, "இந்தா, நம்ம தங்கச்சி வூட்டுல சுவரு ஊறுதாம், என்னா செய்யிறதுன்னு கேக்குது" என்று என் கதையை அப்படியே கடல் தாண்டி அனுப்பினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கல்லாம் அஸ்திவாரத்து மேல தார் ஷீட்டு போட்டுட்டுத்தான் சுவரு எழுப்புவாங்களாம்."

"எங்களுது எழுப்பியாச்சே அக்கா."

அதை அவரிடம் சொன்னார். மறுபடி கேட்டார். "அப்ப இடிச்சிட்டுத்தான் போடணுங்கிறாரு" என்று சொல்லிவிட்டு அக்காவே சிரித்தார். பிறகு முகம் மாறி, "இரு இரு, என்னமோ கேக்குறாரு. கீழ என்னா போட்டு ரொப்புனீங்கன்னு கேக்குறாரு" என்றார்.

"ஒடசலுதான். எல்லாரும் போடுறதுதானே."

"ஒடசலாம்ங்க... ம்... நீ நேர்ல பாத்தியான்னு கேக்குறாரு."

நான் பார்க்கவில்லை. எங்கள் மனை பள்ளமான மனை. வீடு கட்டும்போது அதை ரொப்பின சமயம் நான் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணாடத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தையோடு திரும்பி வந்தபோது பள்ளம் மேடாகியிருந்தது, மேலே ஒரு முழத்துக்கு மண் பரப்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனிகளுக்குப் பின்னால் உடைந்த பீங்கான் மலை மலையாகக் கிடக்கும். சும்மா கிடைக்கிறது, மக்காது, செல்லரிக்காது. டிராக்டரில் ஏற்றிவந்து பள்ளத்தில் கொட்டிவிட வேண்டியது. பாதி ஊர் அதன் மேல்தான் நிற்கிறது. இத்தனை மாதமாக நான் கேட்ட பேர் எல்லாரும் எனக்குப் பதில் சொன்னார்கள். முகம் தெரியாத அந்த மனிதர் ஒருவர்தான் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டார்.

உடனே தோண்ட முடியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையிலும் விடவில்லை. சுவர் இடுப்பு உயரத்துக்கு நனைந்தது. மேஸ்திரி ஒரு நாள் வந்து தளத்துக்கு அளவு எடுத்துக்கொண்டு போனார். மார்கழியில் வானம் வெளுத்ததும் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கறிவேப்பிலைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வேர் அஸ்திவாரத்துக்குள் போயிருக்கிறது என்றாரே, போயிருக்கிறதா என்று வேரோடு போய்ப் பார்த்துவிடுவது. போயிருந்தால் தளம் போடட்டும், நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஒரு முழம் வரைக்கும் வெறும் மண். அதற்குக் கீழே கடப்பாரை "டங்" என்று படும் என்று எதிர்பார்த்தேன். பீங்கான் என்றால் அப்படித்தான் படும். படவில்லை. "தொப்" என்று மெத்தென்று இறங்கியது. கையை விட்டு மண்ணை அள்ளிப் போட்டேன். வெள்ளையாக ஒரு மூலை தெரிந்தது. இரண்டு பக்கமும் நோண்டி, அசைத்து அசைத்து வெளியே எடுத்து மடியில் வைத்தேன்.

அது உடைந்த பீங்கான் இல்லை. அச்சு. தேய்ந்துபோன பொம்மை அச்சு. பிளாஸ்டரில் வார்த்தது. கம்பெனியில் ஓர் அச்சைக் கொஞ்ச காலம்தான் ஓட்ட முடியும். பிறகு வடிவம் மழுங்கிவிடும். மழுங்கினதைப் பின்னால் வீசிவிடுவார்கள், பீங்கான் உடைசலோடு உடைசலாக அதுவும் கிடக்கும்.

கையில் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈர அச்சின் கனம் என்ன, காய்ந்த அச்சின் கனம் என்ன என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அச்சு தண்ணீரை உறிஞ்சுவதால்தான் எங்கள் ஊரில் பொம்மையே பிறக்கிறது. களிமண் குழம்பை ஊற்றினால் அதிலிருக்கிற தண்ணீரை அச்சு குடித்துக்கொள்ளும், அதனால்தான் மண் ஓரத்தில் பிடிக்கும். குடித்துக் குடித்து அச்சு நிறைந்துவிட்டால் வேலைக்காகாது, வெயிலில் வைக்க வேண்டும். ஊரே இதை வைத்துத்தான் சோறு தின்கிறது. அதே அச்சைத்தான் ஊரே வீட்டுச் சுவருக்கு முட்டுக்கொடுத்துப் புதைத்து வைத்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக நானும் உரக்கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் அலைந்திருக்கிறேன்!

சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மூன்று கேள்விக்கும் அதுவே பதில். மழைத் தண்ணீரையும், சமையலறைக் குழாயிலிருந்து வாழை இருந்த மூலைக்கு ஓடுகிற கழிவுத் தண்ணீரையும் அச்சுகள் குடித்து, ஒன்றுக்கொன்று கொடுத்து, சுவர் நெடுக நனைத்துக்கொண்டிருக்கின்றன. சுவரோரம் முழுக்க அச்சு, அதனால் கறிவேப்பிலைக்குக் கோடையிலும் விருந்து. வேலியோரம் ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காத வெறும் களிமண், அதனால் எலுமிச்சை பட்டினி. அந்த பிளாஸ்டரே ஜிப்சத்தைச் சுட்டு எடுப்பதுதான். வேலியோரம் நான் ஒரு படி தூவினேன், சுவரோரம் அவர் வண்டி வண்டியாகக் கொட்டியிருக்கிறார்.

வேர் அஸ்திவாரத்துக்குள் போகவில்லை. அதையும் பார்த்தேன்.

அன்றைக்கே அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாய்ச் சண்டையாகிவிடும். ரொப்பினது அவர். டிராக்டர் பிடித்து, சும்மாவே ரொப்பிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் பெருமை பேசுகிறவர். அச்சைக் கழுவி வேலி மேல் வெயிலில் வைத்தேன். நன்றாகக் காய்ந்து, தட்டினால் ஓசை வருகிற பதத்துக்கு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தேன். அச்சை அவர் கையில் கொடுத்தேன்.

"இது எங்க கெடச்சுது?"

"தண்ணியில போடுங்க, சொல்றேன்."

போட்டார். அது "உஸ்ஸ்" என்று குமிழி விட்டது. அன்னக்கூடையில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. குமிழி அடங்கின பிறகு, "இப்ப தூக்கிப் பாருங்க" என்றேன். தூக்கினார். மனிதர் சூளையில் வேலை செய்கிறவர்தான், ஆனால் அச்சின் கனம் அவர் கைக்கும் தெரியும். முகம் சுருங்கிவிட்டது.

"சுவத்தோரம் பூரா இதான் இருக்குதுங்க" என்றேன். "நீங்க மேல சிமெண்டு போட்டு மூடிட்டா, இப்ப மண்ணு வழியா கொஞ்சமாவது ஆவியாப் போறதும் போவாது. அம்புட்டும் சுவத்துலதான் ஏறும்."

"ஊரே இதத்தானே போட்டுருக்குது."

"ஊரே சுவத்துக்கு பெயிண்டு அடிச்சிக்கிட்டுத்தானே இருக்குது."

அவர் அச்சைக் கீழே வைத்தார். எழுந்து பின்பக்கம் போனார். நான் தோண்டின குழியில் இறங்கி, கையாலேயே இரண்டு பக்கமும் நோண்டிப் பார்த்தார். அந்தப் பக்கமும் வெள்ளை, இந்தப் பக்கமும் வெள்ளை. வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். பிறகு கறிவேப்பிலையை அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாத்தயும் எடுக்கணும்னா இதுவும் போயிடும். தெரியுதில்ல?"

தெரியும். அச்சை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே, அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது அதனால்தான். மரத்தைக் காப்பாற்றத்தான் நான் தோண்டினேன். மரம் அச்சுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அச்சை விட்டால் சுவர் போகும், அச்சை எடுத்தால் மரம் போகும். தளம் போட்டாலும் போகும். எப்படிப் பார்த்தாலும் கறிவேப்பிலைக்கு வழி இல்லை. முல்லைக்கும் இல்லை. அந்த நாலைந்து நாளும் நான் அவரிடம் சொல்லாமல் இருந்ததற்கு அதுவும் காரணம். தெருவில் யாராவது வந்து கறிவேப்பிலை கேட்டால், வழக்கத்தைவிடக் கைநிறைய ஒடித்துக் கொடுத்தேன்.

"தெரியுதுங்க" என்றேன்.

"அப்ப தளமே போட்டுடலாமே. ரெண்டு நாள் வேல. இது மாசக்கணக்கா ஆவும்."

"தளம் போட்டா மண்ணும் போயிடும். எனக்கு மரம் போனாலும் பரவால்ல, மண்ணு வேணும்."

அவர் உள்ளே போய்ப் பழைய கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, கடப்பாரையை எடுத்தார். "மரத்த நான் வெட்டவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வைத்தவள் நான்தான்.

கிளைகளை முதலில் கழித்தேன். வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, "அய்யய்யோ, என்னா காரியம் பண்ற!" என்று கத்தினார். வாஸ்துப்படிதான் என்றேன். கத்தரித்த கிளைகளை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினோம். பிறகு அடிமரத்தை அறுத்து, வேர்க்கட்டையைச் சுற்றித் தோண்டி, இரண்டு பேருமாகக் கயிறு கட்டி இழுத்தோம். அது வரும்போது ஓர் அச்சையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தது.

அச்சின் குழிவுக்குள் வேர் புகுந்திருந்தது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி, குழிவு முழுவதையும் சல்லி வேரால் நிரப்பியிருந்தது. அச்சை மெதுவாகத் தட்டி எடுத்தேன், கம்பெனியில் தட்டுகிற மாதிரியே. வேர் பிரிந்து வந்தது. அலகு, கழுத்து, உப்பின மார்பு. வேரால் ஆன அரைக் கிளி.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் நான் அப்படி அழுததில்லை. அந்த மரம் என்னை ஏமாற்றவில்லை, சுவரை இடிக்கவும் பார்க்கவில்லை. கிடைத்த இடத்தில் கிடைத்த தண்ணீரைக் குடித்து, கிடைத்த அச்சுக்குள் வளர்ந்திருக்கிறது. அதைத்தானே நானும் செய்துகொண்டிருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன்.

பொங்கல் வரைக்கும் தோண்டினோம். அவர் ஷிப்ட் முடிந்து வந்து தோண்டுவார், நான் சமையல் முடித்துவிட்டுத் தோண்டுவேன். அச்சுகள் வந்துகொண்டே இருந்தன. யானை, வாத்து, ஏதோ ஒரு சாமியின் கால், மறுபடி வாத்து. வேலிக்கு வெளியே அடுக்கி வைத்தோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "என்னாங்க, பொம்மக் கம்பெனி ஆரம்பிக்கிறீங்களா?" என்று கேலி செய்தார்கள். கேட்டுவிட்டு அவரவர் வீட்டுச் சுவரைப் போய்ப் பார்த்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். பொங்கலுக்கு முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தோம். பின்பக்கம் வீடு நெடுக வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், நடுவில் மரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய குழி. பார்ப்பதற்கு அநாதை மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பொங்கல் வைத்தேன்.

பொங்கல் கழிந்து சொன்னபடி மேஸ்திரி வந்தார். கூடவே இரண்டு ஆட்கள், கலவைச் சட்டி, பலகை. பின்பக்கம் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாங்க இது, கெணறு வெட்டுறீங்களா? இதுல எப்படிங்க தளம் போடுறது?"

என் வீட்டுக்காரர் பள்ளத்துக்குள் இருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னக் கேக்காதீங்க மேஸ்திரி. நான் வுட்டுட்டேன். இதுக்கு எது போடணும், எது போடக்கூடாதுன்னு வூட்ல கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். ஆட்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"தளம் வேணாங்க. சுவத்தோரம் ஜல்லியும் ஆத்துமணலும் போடப்போறோம். கொழாத் தண்ணிய அந்தாண்ட திருப்பிவுடணும். கீழ் பூச்ச கொத்தி எடுத்துட்டு, ஓதம் ஏறாம எப்படிப் பூசுறதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. நல்லா குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் குனிந்தார். பள்ளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அஸ்திவாரக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். வேலிக்கு வெளியே அடுக்கியிருந்த அச்சுகளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த வேர்க்கட்டையையும் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. மரத்தயும் நீங்களே வெட்டிட்டீங்க, தளமும் வேணாங்குறீங்க. அப்புறம் இம்மாம் பெரிய எடத்துல என்னாதான் செய்யப்போறீங்க?"

"செடி வெக்கப்போறேன்" என்றேன்.